குடிக்கும் வயதும் ஓர் உப்பு மூட்டையும்

1

அன்றைக்கு எங்கள் ஊர் மந்தையில் வந்து உட்கார்ந்தவர்கள்: ஊர்க்கவுண்டர் சின்னாண்டி, என் அண்ணன் கோவிந்தன், கல்யாணம் பேசி முடித்திருந்த பெண்ணின் அப்பா காளியப்பன், அடிவாரத்துச் சாராயக் கடையின் ஆள் முனிரத்தினம், வீட்டுக்கு ஒருவராக ஊர் ஆண்கள், மடியில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு நான். உட்காராமல் மாட்டுப்பட்டி ஓரமாக நின்றவர்கள்: என் அண்ணி பச்சையம்மாவும் மற்றப் பெண்களும். வராதவர்கள்: போலீஸ், ஃபாரஸ்ட் கார்டு, அந்த வருடத்துக் கோடை மழை. முக்கியமாக வராதவன், யாருக்காகக் கூட்டம் கூடியதோ அவன்தான். அண்ணியின் தம்பி வெள்ளையன்.

இது ஜவ்வாது மலையில் நடந்தது. எழுதுவதோ அமெரிக்காவின் வடக்கே ஒரு சின்ன ஊரில், ஹெலன் என்கிற அம்மையாரின் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு. இங்கே ஒரு விவசாயக் கல்லூரியில் சிறுதானிய ஆராய்ச்சிக்கு உதவியாளனாக வந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். சாமை எப்படி விளைகிறது என்று சொல்லிக்கொடுக்க ஒருவனுக்குச் சம்பளம் தருவார்கள் என்று கேட்டு என் அண்ணன் இன்னமும் சிரிக்கிறானாம்.

நேற்று எனக்குப் பிறந்தநாள். ஜூன் ஒன்று. கூட வேலை செய்கிறவர்கள் கேக் வாங்கி, மெழுகுவத்தி கொளுத்தி, என்னை நடுவில் நிறுத்திப் பாடினார்கள். நான் கூச்சத்தோடு நின்றேன். கூச்சத்துக்குக் காரணம் அடக்கம் இல்லை. எங்கள் மலைப் பள்ளியில் என்னோடு சேர்ந்த அத்தனை பையன்களுக்கும் ஜூன் ஒன்றுதான் பிறந்தநாள். பள்ளி திறக்கிற நாளைத் தலைமை ஆசிரியர் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்திருந்தார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகச் சன்னலில் பிறந்த தேதி என்ன என்று கேட்டாள் ஒரு பெண். நான் யோசிக்காமல், "எந்தத் தேதி வேண்டும்?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று வேர்த்துப்போனேன்.

கேக் தின்றுவிட்டு வீடு திரும்பியபோது ஹெலன் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். "டவுன் ஹாலில் கூட்டம். ஒருவன் எந்த வயதிலிருந்து குடிக்கலாம் என்று எல்லோரும் பேசப்போகிறோம். வருகிறாயா?" என்றார்.

இதே கேள்விக்காக ஓர் ஊர் கூடி உட்கார்ந்ததை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

2

நான் வளர்ந்த காலத்தில் பெரும்பாலும் மதுவிலக்கு. தொண்ணூறு வயதுக் கிழவனும் குடிக்கக் கூடாது. அதனால் எந்த வயதில் குடிக்கலாம் என்ற கேள்வி சர்க்காருக்கு எழவே இல்லை. ஊருக்கு எழுந்தது.

ஆடி மாதம் காளிக்குப் படைக்கும்போது, வேலம்பட்டையும் வெல்லமும் ஊறவைத்து இறக்கிய பானை ஒன்று சாமிக்கு முன்னால் வரும். முதலில் சாமிக்கு. பிறகு தேக்கிலையை மடித்துத் தொன்னையாக்கி, ஊர்க்கவுண்டர் தன் கையால் ஒவ்வோர் ஆணுக்கும் ஊற்றுவார். அந்த இலையை ஒருமுறை வாங்கியவன்தான் அதன்பிறகு குடிக்கலாம். வாங்காதவன் குடித்தால் ஊர்க்குற்றம். இலை யாருக்குக் கிடைக்கும் என்பதற்கு ஒரே கணக்கு. தனியாளாக மலையிறங்கி, புளியோ சாமையோ விற்று, அந்தக் காசில் உப்பு வாங்கிக்கொண்டு மேலே ஏறியிருக்க வேண்டும். அதை உப்பு ஏற்றுவது என்போம். மலையில் எல்லாம் விளையும், உப்பு மட்டும் விளையாது. உப்பு ஏற்றியவனுக்குத்தான் இலை, அவனுக்குத்தான் பெண்.

அப்புறம் மதுவிலக்கு போய், சாராயக் கடைகளை ஏலம் விட்டார்கள். படவேட்டுப் பக்கம் மலைப்பாதை இறங்கி முடிகிற இடத்திலேயே, இறங்குகிறவனும் ஏறுகிறவனும் தாண்டாமல் போக முடியாதபடி, கீற்றுக் கொட்டகையில் ஒரு கடை வந்தது. கடையைப் போட்டவன் மலைவாசியின் கால்களை நன்றாகக் கவனித்தவன்.

அந்த வருடம் பங்குனி முடிய வெள்ளையன் முதல்முறையாகத் தனியாக இறங்கினான். பொதிமாட்டின் மேல் இரண்டு மூட்டை புளி. வைகாசியில் அவனுக்கும் பக்கத்து ஊர்க் காளியப்பன் மகள் பூங்கொடிக்கும் கல்யாணம். உப்பு ஏற்றிவிட்டால் ஒரு குறையும் இல்லை. கண்ணமங்கலம் மண்டியில் புளியை விற்றான், நூற்று முப்பது ரூபாய். திரும்பி வருகிற வழியில், உப்பு வாங்குவதற்கு முன்னால், கொட்டகை.

மூன்றாம் நாள் மாடு மட்டும் தானாக மேலே ஏறி வந்தது. முதுகில் பொதியும் இல்லை, உப்பும் இல்லை. வெள்ளையன் எங்கோ காட்டில் ஒளிந்துகொண்டதாகச் செய்தி வந்தது. நாலாம் நாள் முனிரத்தினம் வேர்க்க விறுவிறுக்க மேலே வந்து சேர்ந்தான். மண்டிப் பணம் நூற்று முப்பதும் முடிந்தபிறகு, பையன் கடன் சொல்லி வேறு ஊற்றச் சொன்னானாம். தனக்கும், கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும். நாற்பத்தெட்டு ரூபாய் பாக்கி.

3

முனிரத்தினம் அடிவாரத்து ஆள். நல்ல வாய். மந்தையில் துண்டை விரித்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான்.

"கவுண்டரே, நாங்க நாயமா நடத்தறோம். பதினெட்டுக்குக் கீழே இருந்தா ஊத்த மாட்டோம்னு போர்டு எழுதி மாட்டிக் கீறோம். உங்க பையன் மீசை வெச்சிக்கினு வந்தான். மீசையப் பார்த்துதான் ஊத்தினோம்."

மாட்டுப்பட்டி ஓரமிருந்து அண்ணியின் குரல் வந்தது. "எங்க வூட்டு ஆட்டுக்கெடாவுக்கு முழங்கால் வரைக்கும் தாடி கீது. அதுக்கும் ஊத்துவியா?"

"துட்டு எடுத்துக்கினு வந்தா ஊத்துவேம்மா."

சிரிப்பு அடங்கியதும் கவுண்டர் கேட்டார். "பதினெட்டுக்குக் கீழேன்னா துட்டு தரத் தேவையில்லன்ற?"

முனிரத்தினம் தலையைச் சொறிந்தான். "அப்பிடி ஆச்சின்னா... கடைமேலதான் தப்பு. நாங்க கேட்க முடியாது."

"சரி. வெள்ளையனுக்கு இன்னா வயசு?"

அதுவரை ஊரில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது. ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"கரடி மாரிய அடிச்சிதே, அதுக்கு அடுத்த சாமை அறுப்புல பொறந்தான்" என்றார் ஒருவர்.

"கரடி மாரிய அடிக்கல. மாரியோட அண்ணன அடிச்சிது. அது முந்தியே."

"பெரிய காத்துல கோயில் புளியமரம் சாஞ்ச வருசம்யா அவன்."

"அது எம்மவன்! எம்மவன் வயச எடுத்து எதுக்கு அவனுக்குக் குடுக்கற?"

கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊரில் இரண்டு கரடி, மூன்று பெரிய காற்று, ஒரே வருடத்தில் பிறந்து வேறு வேறு வயதான நாலு பேர் என்று ஆகிவிட்டது. கவுண்டர் கையை உயர்த்தினார்.

"வயச எழுதி வெச்சிக் கீறவன் இந்த ஊர்ல ஒருத்தன்தான். அண்ணாமல, எட்றா உன் புத்தகத்த."

அதற்காகத்தான் அண்ணி காலையிலேயே தகரப்பெட்டியைத் திறந்து அதை என் மடியில் வைத்திருந்தாள். நான் எழுந்து நின்று பிறந்த தேதியைப் படித்தேன். வருகிற ஜூன் ஒன்று வந்தால்தான் எனக்குப் பதினெட்டு.

"கெவுர்மெண்ட் சீல் கீதா?"

"கீதுங்க."

புத்தகம் கைமாறிச் சுற்றியது. யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொருவரும் அந்த நீல முத்திரையை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுத்தார்கள். ஊர் முழுக்க ஒரே ஓர் ஆளுக்கு வயது இருந்தது. அந்த ஆள் நான்.

அண்ணன் விரல்விட்டு எண்ணிச் சொன்னான். "வெள்ளையன் இவனுக்கு ஒரு அறுப்பு சின்னவன். அது எல்லாருக்கும் தெரியும். இவனுக்கே பதினெட்டு ஆவல. அவனுக்குப் பதினாறு."

முனிரத்தினம் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டான். நாற்பத்தெட்டு ரூபாய் காற்றில் போனது அவன் முகத்தில் தெரிந்தது. அண்ணி மூச்சை விட்டாள். அதே நொடியில் இன்னொருவர் எழுந்து நின்றார். பெண்ணின் அப்பா காளியப்பன்.

"பதினாறா? எம்பொண்ணு பூங்கொடிக்கு ரெண்டு வருசமா ஏர் புடிக்கற மாப்பிள்ளையா பார்த்துக்கினு இருந்தேன். உப்பும் ஏத்தல, வயசும் ஆவலன்னா, சின்னப் பையனுக்கா பொண்ணு குடுப்பேன்? பரியப் பணத்த திருப்பி வாங்கிக்குங்க. நான் கெளம்பறேன்."

அண்ணி பட்டியைத் தாண்டி ஓடி வந்தாள். "ஐயோ மாமா, உட்காருங்க! அது கடைக்குச் சொன்ன வயசு. கல்யாணத்துக்கு வேற."

"ஒரு ஆளுக்கு ஒரு வயசுதாம்மா" என்றார் கவுண்டர். சிரிக்காமல் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெள்ளையன் பெரியவன் என்றால் கடன் தலையில் விழும். சின்னவன் என்றால் பெண் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் என் மடியில் திரும்பி வந்து கிடந்தது அந்தப் புத்தகம். அதில் எழுதியிருப்பது பொய் என்று எனக்குத் தெரியும். பள்ளியில் சேர்த்த அன்று தலைமை ஆசிரியர் என் வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். நான் சுலபமாகத் தொட்டேன், காதைத் தாண்டிக் கன்னத்தையும் தொட்டேன். "வயசு கூடத்தான் இருக்கும். ரெண்டு வருஷம் மிச்சம் பிடிச்சு எழுதறேன்டா, பின்னால கவர்மெண்ட் வேலைக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுதினார். நல்ல மனதோடு எழுதிய பொய்.

அண்ணி என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே "பேசாதே" என்றாள். நான் பேசவில்லை.

4

இங்கத்து டவுன் ஹாலில் மரப்பெஞ்சுகள். மாநிலச் சட்டமன்றத்திலிருந்து ஐந்து பேர் வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை வகித்தவர் நரைத்த தலையுடைய ஒரு பெண்மணி. ஊர் ஊராகப் போய் ஜனங்களைக் கேட்கிறார்களாம். இந்த மாநிலத்தில் இப்போது குடிக்கும் வயது பத்தொன்பது. அதை இருபத்தொன்றாக்க வேண்டும் என்று நாட்டுத் தலைநகரத்து அரசாங்கம் சொல்கிறது. ஆக்காவிட்டால் சாலை போடத் தருகிற பணத்தில் ஒரு பங்கை நிறுத்திவிடுமாம்.

நான் இதைக் கேட்டு வாயைப் பிளந்தேன். சாலைக்காக வயதை மாற்றுவதா! எங்கள் மலைக்கு வயதும் கிடையாது, சாலையும் கிடையாது.

பேச விரும்புகிறவர் யாராக இருந்தாலும் பெயரைச் சொல்லிவிட்டு மூன்று நிமிடம் பேசலாம். மேசைமேல் ஒரு விளக்குப் பெட்டி. பச்சை எரிந்தால் பேசு, மஞ்சள் வந்தால் முடி, சிவப்பு வந்தால் உட்கார். ஒரு கடைக்காரர் பேசினார், ஒரு பள்ளி ஆசிரியை பேசினார், ராணுவத்திலிருந்து வந்த ஒருவன் பேசினான். யாரும் யாரையும் குறுக்கே மறிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எதிர்த்துப் பேசியவருக்கே தண்ணீர்க் கோப்பையை நகர்த்திக் கொடுத்தார்கள்.

பிறகு கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒரு விவசாயி எழுந்தார். "என் மகளுக்குப் பதினெட்டு. அவள் வண்டிமேல் மோதியவனுக்குப் பத்தொன்பது" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தலைமை அம்மையார் அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகும் வரை, அவருக்கு உரிய அந்த நேரம் முழுவதையும் அந்தக் கூடம் அப்படியே உட்கார்ந்து அவருக்குக் கொடுத்தது. கோயிலில்கூட நான் அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை.

அடுத்து எழுந்தவன் டேவிட். ஹெலனின் மகன். வயது இருபது. அவன் பேசப்போவது ஹெலனுக்கே தெரியாது என்பது அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததில் தெரிந்தது. சமீபமாக அவன் வீட்டில் சாப்பிடுவதே குறைவு. வெள்ளிக்கிழமைகளில் கார் சத்தம் போவதுதான் கேட்கும், வருவது கேட்காது. சட்டம் வந்தால் எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலத்துக்கு ஓட்டிப் போய்க் குடிப்பான், அந்தச் சாலையை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்று ஹெலன் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

டேவிட் ஒரு தாளை எடுத்தான், பார்த்தான், மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். சட்டத்தை எதிர்த்துப் பேசத்தான் எழுதி வந்தானாம். "ஆனால் அவருக்குப் பிறகு இதைப் படிக்க முடியாது" என்றான். "நான் போன மாதம் குடித்துவிட்டுக் கார் ஓட்டினேன். இரண்டு முறை. யாரும் பிடிக்கவில்லை. யாரும் என்னைக் குடிக்கச் சொல்லவும் இல்லை. எனக்கு எத்தனை வயது என்று நீங்கள் எழுதினாலும், ஓட்டியது நான்தான்."

ஹெலன் கையால் வாயை மூடிக்கொண்டார். அந்தக் குரலை நான் வேறு ஒரு பாஷையில் ஏற்கெனவே கேட்டிருந்தேன்.

5

எங்கள் மந்தையின் ஓரத்தில் சாமைத் தாள் போர் ஒன்று இருந்தது. காளியப்பன் துண்டைத் தோளில் போட்டு நாலடி நடந்திருப்பார். போருக்குப் பின்னாலிருந்து தலையெல்லாம் தாளோடு வெள்ளையன் வெளியே வந்தான். காட்டில் இருக்கிறான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்க, அவன் காலையிலிருந்தே எல்லாவற்றையும் அங்கே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"மாமா, நில்லுங்க" என்றான் காளியப்பனிடம். பிறகு மந்தையைப் பார்த்தான். "அந்தப் புத்தகம் பொய்."

"வாய மூட்றா!" என்றாள் அண்ணி.

"பொய்தான்க்கா. எனக்கும் அண்ணாமல மச்சானுக்கும் ஒரு அறுப்புதான், அது நெசம். ஆனா மச்சான் வயசு நெசமில்ல. வாத்தியார் ரெண்டு வருசத்த வெட்டிட்டாருன்னு மச்சானே எங்கிட்ட சொல்லிச் சிரிச்சான். அப்ப எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சி. நான் குடிச்சேன். எவனும் எம்வாயில ஊத்தல. நானே வாங்கி நானே குடிச்சேன், கண்டவனுக்கெல்லாம் வாங்கியும் குடுத்தேன். எல்லாரும் மாப்ள மாப்ளன்னு கூப்ட்டானுங்க. நல்லா இருந்துச்சி. உப்ப மறந்துட்டேன்."

"நாப்பத்தெட்டு ரூபாடா, பாவி! பேசாம இருந்திருந்தா போயிருக்குமேடா."

"தெரியும்க்கா. சின்னப் பையன்னு சொல்லி இன்னிக்குத் தப்பிச்சிட்டா, நாளைக்குப் பூங்கொடி மூஞ்சில எப்பிடி முழிக்கறது?"

கவுண்டர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாமல, நெசமா?"

"நெசம்தாங்க."

"அப்ப சீலு?"

"சீலு நெசம்ங்க. தேதிதான் பொய்."

கவுண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். அந்தத் தீர்ப்பை நான் இன்றைக்கும் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்ல முடியும்.

"வயச நாம கண்டுபிடிக்க முடியாது. கரடியும் சொல்லாது, காத்தும் சொல்லாது, சீலும் சொல்லல. அவன் வயச அவனே சொல்லிட்டான். கடன் அவனோடது. குடிச்சதுக்கு நான் அபராதம் போடல. உப்பு வரல, அதுக்குத்தான் ஊர் கேட்குது. நாளைக்கு இன்னும் ரெண்டு மூட்ட புளியோட எறங்கட்டும். திரும்பி வரும்போது துட்டோட அதே கடைக்குப் போவட்டும். பாக்கிய எண்ணிக் குடுக்கட்டும். குடுத்துட்டு உப்போட மேல வரட்டும். வந்தா இலை. வராட்டி இல்ல. காளியப்பா, நீ நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் இரு."

பிறகு என்னைப் பார்த்தார். "படிச்சவன் ஊர்முன்னால பொய்ய வெச்சிக்கினு வாய மூடிக்கினு இருந்தே. சாமி உண்டியல்ல ஒண்ணேகால் ரூபா போடு."

மறுநாள் மத்தியானத்துக்குமேல் ஊரில் ஒருவரும் வேலை செய்யவில்லை. பாதை தெரிகிற பாறைமேல் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். காளியப்பன் வெற்றிலை மென்றார். வெயில் மஞ்சளானது. கீழே வளைவில் முதலில் மாட்டின் கொம்புதான் தெரிந்தது. பிறகு மாடு. பிறகு மாட்டின் பின்னால் ஓர் ஆள். நேராக நடக்கிறானா என்று அத்தனை கண்ணும் அவன் காலைப் பார்த்தன. நேராகத்தான் நடந்தான். மாட்டின் முதுகில் ஈரம் கசிந்து ஒரு வெள்ளைக் கோணி.

காளியப்பன் எழுந்துபோய்க் கோணியின் ஓரத்தைப் பிரித்து ஒரு கல் உப்பை எடுத்து வாயில் போட்டார். "உப்புதான்" என்றார். வெள்ளையன் தலையில் ஒட்டியிருந்த ஒரு சருகைத் தட்டிவிட்டார்.

கடையில் என்ன நடந்தது என்று வெள்ளையன் சொல்லவே இல்லை. பிறகொரு நாள் சந்தையில் பார்த்தபோது முனிரத்தினம் சொன்னான். "துட்ட எண்ணி வெச்சான். நான் பழக்கத்துல கிளாஸ ரொப்பித் தள்ளினேன், ஓசியாவே குடின்னேன். ஒருதரம் பார்த்தான். எம்பக்கமே திருப்பித் தள்ளினான். உள்ளே அவ்ளோ பேர் குந்திக்கினு இருந்தாங்க, ஒருத்தன் சிரிக்கலீங்க. நான் எத்தினியோ பேருக்கு ஊத்திக் கீறேன், திருப்பித் தள்ளின கைய அன்னிக்குத்தான் பார்த்தேன்."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஆடியில் கவுண்டர் கையால் இலை வாங்கினான். கண்ணில் ஒற்றிக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்ததைப் பார்த்துப் பூங்கொடி சிரித்ததாக அண்ணி சொன்னாள். எனக்கு அன்றைக்கு வேலூரில் கல்லூரி விண்ணப்பம் வாங்கும் வேலை. நான் பார்க்கவில்லை.

6

டேவிட் உட்கார்ந்ததும் தலைமை அம்மையார் "வேறு யாராவது?" என்று கேட்டார். என் கால்கள் என்னைக் கேட்காமல் எழுந்தன. நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை, பேசலாமா என்று கேட்டேன். "இந்த ஊரில் குடியிருக்கிறீர்கள்தானே? பேசுங்கள்" என்றார். வெளியூர்க்காரனை எங்கள் மந்தையில் பேச விட்டிருப்போமா என்று தெரியவில்லை. முனிரத்தினத்தைப் பேச விட்டோம், ஆமாம். அதை நினைத்ததும் எனக்குத் தைரியம் வந்தது.

புளி, மலை, உப்பு, இலை என்று என் ஆங்கிலத்தில் தடுக்கித் தடுக்கிச் சொன்னேன். எங்களிடம் வயது இல்லை, அதனால் வேறு ஒன்றைத் தேடினோம் என்றேன். பணத்தோடு கடையைத் தாண்டி வர முடிகிறவனுக்குத்தான் குடிக்கக் கொடுப்போம் என்றேன். பெஞ்சுகளில் யாரோ சிரித்தார்கள், கேலியாக இல்லை. வெள்ளையன் கண்ணாடிக் குவளையைத் திருப்பித் தள்ளிய இடத்துக்கு வந்தபோது மஞ்சள் எரிந்தது. காளியப்பன் உப்பை வாயில் போட்டபோது சிவப்பு. உட்கார்ந்துவிட்டேன். மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாததைத்தான் இங்கே உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கூட்டத்துக்கு முன்னால் பிறந்தநாளுக்கென்று ஹெலன் எனக்கு ஒரு பாட்டில் பீர் வாங்கி வைத்திருந்தார். என் பாஸ்போர்ட்டைக் காட்டினால் எந்தக் கடையிலும் தருவார்கள். பொய்க் கணக்கிலும் எனக்கு இருபத்தொன்று தாண்டிவிட்டது, மெய்க் கணக்கில் இன்னும் இரண்டு கூட. ஆனால் நான் படிக்கப் போனவன். ஒருமுறைகூடத் தனியாளாக மலைக்கு உப்பு ஏற்றியதில்லை. எனக்கு அந்த இலை கிடைத்ததே இல்லை. கடல் தாண்டி வந்தவனுக்கு எங்கள் ஊர்க் கணக்கில் இன்னும் வயதாகவில்லை. பாட்டில் பிரிட்ஜிலேயே இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கண்ணமங்கலத்தில் பஸ் இறங்கி உப்பு வாங்க வேண்டும் என்று அண்ணனுக்கு எழுதியிருக்கிறேன்.

கூட்டம் முடிகிற நேரத்தில் டேவிட் எழுந்து வந்து கார்ச் சாவியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான். ஹெலன் விரல்களை மூடிக்கொண்டார். அந்த விவசாயி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்குப் பெட்டியை அணைத்துவிட்ட பிறகு தலைமை அம்மையார் என்னைக் கூப்பிட்டார். குறிப்பு எழுதுகிறவரிடம் பேனாவை நிறுத்த வேண்டாம் என்று கைகாட்டினார். "எல்லோரும் சாலைப் பணத்தைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பையன் பெரியவனா என்று தீர்மானிக்க உங்கள் ஊருக்குக் கடைசியில் எவ்வளவு செலவானது?" என்று கேட்டார்.

நான் மனதுக்குள் கூட்டினேன். குடித்துத் தீர்த்த மண்டிப் பணம், கடையில் எண்ணி வைத்த பாக்கி, உண்டியலில் நான் போட்ட அபராதம். குறிப்பு எழுதுகிறவருக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: நூற்று எழுபத்தொன்பது ரூபாய் இருபத்தைந்து காசு.